குளிர்கடற் பவளம்

பவளம் என்ற அளவிலே நம் உள்ளத்தில் எழுவன இரண்டு. ஒன்று, நவமணிகளுள் ஒன்றாக வைத்து எண்ணப்பெறும் செந்நிற மணி. மற்றொன்று, வெங்கதிர் படும் தெளிந்த கடலில், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழக் கிடப்பதுபோல, ஆழமின்றிப் பரந்து கிடக்கும் பவளப்பாறை. இவற்றை வைத்து, பவளம் என்பது ஒளியும் வெப்பமும் மிக்க கடலுக்கே உரிய பொருள் என்று கருதுவார் பலர். அக்கருத்து முழுதும் பொருந்துவதன்று. சென்னையிற் பவளக்காரத் தெருவில் வாழ்ந்த வணிகர் விற்ற அணிகலப் பவளமே, மத்தியதரைக் கடலின் மங்கிய ஒளியிற் பாறைமுழைகளில் வளர்ந்து, கப்பலேறி நம் நாட்டிற்கு வந்த பொருளாகும். அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஞாயிற்றின் ஒளி சிறிதும் எட்டாத, பனிநீர்போற் குளிர்ந்த ஆழத்திலே, பல கிலோமீட்டர் நீளமுள்ள பவளத்திட்டுகள் உள. அவற்றின் இயல்பினையும், அவை எழுந்த முறையினையும், இக்காலத்து அவற்றிற்கு நேர்ந்துள்ள இடரினையும் ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பவளம் என்பது யாது என அறிதல் வேண்டும். பவளம் மரமன்று, கல்லுமன்று, அஃது ஓர் உயிர்ப்பிராணி. பவளப்பூச்சி எனப்படும் அச்சிற்றுயிர் குழாய் போன்ற மெல்லிய உடலும், அதன் நுனியில் ஒரு வாயும், வாயைச் சூழ இரைபற்றும் உணர்விரல்களும் உடையது. கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துத் தன் உடலைத் தாங்கும் கிண்ணம் ஒன்றைத் தானே கட்டிக்கொள்கிறது. ஒரு பூச்சியினின்று மற்றொன்று முளைத்து, கிண்ணத்தின்மேற் கிண்ணமாக அடுக்கப்படுவதால் கிளைகள் தோன்றுகின்றன. நாம் கையிலெடுத்துப் பவளக்கல் என்று கூறுவது அப்பூச்சிகள் விட்டுச்சென்ற வீடேயன்றிப் பிறிதன்று.

வெப்பக்கடற் பவளத்திற்கும் குளிர்கடற் பவளத்திற்கும் உள்ள வேறுபாடு உணவைப் பற்றியது. வெப்பக்கடற் பவளப்பூச்சியின் உடலினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கினைத் தமக்கு இடங்கொடுத்த பூச்சிக்கு அளிக்கின்றன. ஆதலின் அப்பவளம் ஒளி புகும் ஆழத்தைவிட்டு இறங்கி வாழ்தல் அரிது. குளிர்கடற் பவளத்திற்கோ இத்தகைய துணை இல்லை. அது தன் இரையைத் தானே தேடிக்கொள்ளவேண்டும். ஒளியின் உதவியை நாடாமையால் அதற்கு ஒளியுள்ள இடமும் வேண்டுவதில்லை. இதுகாறும் அறியப்பட்ட பவள இனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை 50 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட ஆழத்தில் வாழ்வன என்பது பலர் அறியாத உண்மை. அவற்றுள் பெரும்பாலன தனித்தோ சிறுசிறு கொத்துகளாகவோ வாழ்வன. கூடித் திட்டமைக்கும் இனங்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலையாயது லொபீலியா பெர்டூசா என்னும் பவளமாகும்.

இப்பவளத்தை முதன்முதல் அறிந்தோர் நூல்வல்லார் அல்லர்; நார்வே நாட்டு மீனவரே. ஆழத்தில் விட்ட தூண்டிற் கயிறுகளிலும் வலைகளிலும் வெண்ணிறக் கிளைகள் சிக்கி மேலேறுதலை அவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இடையில் பெர்கன் நகரத்து அத்தியட்சராயிருந்த பொந்தொப்பிடான் என்பார், தாம் எழுதிய நார்வே நாட்டு இயற்கை வரலாற்றில் அக்கடலின் பவளங்களைக் குறித்துள்ளார். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் இதற்கு ஓர் இலத்தீன் பெயரிட்டார். 1768-இல் டிராண்ட்ஹைம் நகரத்து அத்தியட்சரான குன்னெரூஸ் என்பார் நார்வேப் பவளங்களைப்பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிட்டார். 2016-இல் அதன் மரபணுக்களை ஆராய்ந்தோர் அதனை வேறோர் இனத்தோடு சேர்த்து டெஸ்மோபில்லம் பெர்டூசம் என்று பெயர் மாற்றினர். ஆயினும் நெடுங்காலமாக நூல்களிற் பயின்ற பெயர் எளிதில் மறையாதாகலின், ஈண்டு லொபீலியா என்றே வழங்குவாம்.

மீனவர் கண்டதை நூலோர் உடனே நம்பினாரல்லர். 1841-ஆம் ஆண்டளவில் எட்வர்டு போர்ப்ஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் ஈஜியன் கடலின் அடியைத் துழாவி ஆராய்ந்தார். ஆழம் மிகுதோறும் உயிர்கள் குறைந்துவரக் கண்ட அவர், 300 பாகத்திற்குக் கீழே, அஃதாவது ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே, உயிர்வாழ்க்கை இல்லையெனத் துணிந்தார். இருளும் குளிரும் நீரின் பேரழுத்தமும் கூடிய இடத்தில் உயிர் எவ்வாறு தங்கும் என்பது அக்காலத்தார்க்குத் தக்க நியாயமாகவே தோன்றிற்று. ஒரு கடலிற் கண்டதைக்கொண்டு எல்லாக் கடலுக்கும் விதி வகுத்ததே அம்முடிபின் குறையாகும்.

அம்முடிபைத் தகர்த்தது ஆராய்ச்சிக் கப்பலன்று. அறுந்துபோன ஒரு தந்திக்கம்பி. சார்டினியாத் தீவிற்கும் வட ஆப்பிரிக்காவிற்கும் இடையே கடலடியில் இடப்பட்டிருந்த அக்கம்பி பழுதுற, பிளீமிங் ஜென்கின் என்னும் பொறிவல்லார் 1860-இல் அதனை மேலே தூக்கினார். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடந்த பகுதியிலே பவளப்பூச்சிகள் கம்பியைப் பற்றி வளர்ந்திருந்தன. தூக்கும்போது வழியிற் சிக்கியவை என்று கூற இயலாதவாறு, அவற்றின் அடிப்பாகம் கம்பியின் வடிவிற்கேற்ப அமைந்திருந்தது. கம்பி இடப்பட்டபின் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவை அவை என்பது ஐயமின்றிப் புலனாயிற்று. அதன்பின் வைவில் தாம்ஸன் முதலியோர் 1868 தொடங்கிப் பிரிட்டிஷ் கப்பல்களிற் சென்று ஆழ்கடலைத் துழாவினர். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் எல்லாப் பெருங்கடல்களின் ஆழத்திலும் உயிருண்டெனக் காட்டிற்று. நம் இந்தியக் கடல்களினும் இன்வெஸ்டிகேட்டர் என்னும் அரசினர் ஆராய்ச்சிக் கப்பல் ஆழ்கடற் பவளங்களை எடுத்தது. அவற்றை ஆராய்ந்து அல்காக் என்பார் எழுதிய நூல் 1898-இல் வெளிவந்தது.

இனி லொபீலியாவின் வாழ்க்கையைக் காண்போம். இது 4 பாகை முதல் 12 பாகை சென்டிகிரேட் வரை குளிர்ந்த நீரை விரும்புவது. பெரும்பாலும் 200 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை ஆழமுள்ள இடங்களில், கண்டத்தின் விளிம்பு ஆழ்கடலை நோக்கிச் சரியும் பகுதியில் வாழ்கின்றது. நார்வேயின் டிராண்ட்ஹைம் கழிமுகத்தில் டௌட்ரா என்னுமிடத்தே குளிர்ந்த ஆழ்நீர் கரையருகே ஏறிவருதலால், 39 மீட்டர் ஆழத்திலேயே அது காணப்படுகின்றது. சில கொத்துகள் தூய வெண்மை, சில செம்மஞ்சள். அடர்ந்து பிணைந்த அதன் கிளைகள் ஒரு முட்புதரை நினைப்பூட்டுவன.

இருளிற் கிடக்கும் இவ்வுயிர்க்கு உணவு யாது? மேற்கடலில் ஞாயிற்றொளியால் வளரும் நுண்பாசிகளும், அவற்றை உண்டு வாழும் சிற்றிறால் போன்ற மிதவையுயிர்களும், அவற்றின் எச்சங்களும் மெல்லமெல்லக் கீழே இறங்குகின்றன. அவ்வாறு சிந்தும் துணுக்குகளே பவளத்தின் இரை. ஆனால் பவளம் எழுந்துசென்று இரை தேடும் கால்களற்றது. ஆதலின் இரை தன்னை நாடிவரும் இடத்தில் அது வாழ்தல் வேண்டும். கடலடியின் முகடுகளிலும் மேட்டுவிளிம்புகளிலும் நீரோட்டம் விரைந்து பாய்வதாகலின், லொபீலியா அத்தகைய இடங்களையே பற்றி வளர்கின்றது. ஸ்காட்லாந்தின் மேல்கரைக்கு அப்பால் மிங்குலே என்னுமிடத்திலுள்ள திட்டினை 2003-இல் ஒலியலைக் கருவியால் வரைபடமாக்கினர். ஏற்றவற்றத்தின்போது மேல்நீர் விரைந்து கீழிறங்கி, இரையோடு அத்திட்டின்மேற் பாய்தலைப் பின்னர் அளந்தறிந்தனர். இருளில் வாழ்வதாயினும் இப்பவளமும் ஈற்றில் ஞாயிற்றின் உப்பை உண்டு வாழ்வதே. ஒளி இங்கே உணவாய் உருமாறிக் கீழே வருகின்றது.

இரையோடு மற்றொன்றும் இன்றியமையாதது. அது கால்கொள்ளத்தக்க திண்ணிய நிலம். பவளப்பூச்சிகள் ஈன்ற முட்டைகள் நீரிலே கருவுற்று, மயிர்போன்ற உறுப்புகளால் நீந்தும் குஞ்சுகளாகிப் பல வாரங்கள் அலைகின்றன. அவை சேற்றில் விழின் மாளும். கல்லைச் சேரின் வேர்கொள்ளும். நார்வேக் கடலடியின் பெரும்பாகம் களியும் சேறும் நிறைந்தது. எனினும் பனியூழிக்காலத்திற் பனிப்பாறைகள் தள்ளிக்கொணர்ந்து குவித்த கற்கரைகளும், மிதந்துசென்ற பனிமலைகளின் அடி கடல்நிலத்தை உழுது இருமருங்கும் ஒதுக்கிய கற்குவியல்களும் ஆங்காங்கே கிடக்கின்றன. பனி விலகியபின் பவளம் வந்து குடியேறியது அக்கற்களின்மேலேதான். பனிமலை உழுத சாலிற் பவளம் விளைந்தது எனலாம்.

திட்டு எழும் முறையே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. கிளையின் நுனி ஆண்டிற்கு 5 முதல் 25 மில்லிமீட்டர் வரை நீள்கின்றது. நுனியிலுள்ள பூச்சிகள் வாழ, அடியிலுள்ளவை மடிகின்றன. மடிந்தவற்றின் சுண்ணக் கிளைகளைச் சில கடற்பஞ்சுகள் துளைத்துத் துளைத்து வலியிழக்கச் செய்ய, அவை முறிந்து கீழே சரிகின்றன. கிளைகளினிடையே நீரோட்டம் தளர்வதால், அது சுமந்துவரும் வண்டல் அங்கே படிந்து முறிவுகளின் இடுக்குகளை நிரப்பிப் பிணிக்கின்றது. அப்பிணிப்பின்மேற் புதுக்கொத்துகள் எழுகின்றன. திட்டு உயர உயர, ஓட்டம் மிக்க நீரைத் தொடுகின்றது. தொடவே இரை மிகுகின்றது. இரை மிகவே வளர்ச்சியும் தொடர்கின்றது. ஆகவே நாம் ஒரு திட்டினைக் காணும்போது உயிருள்ள பகுதியாகக் காண்பது மேலுள்ள சில சாண் உயரமே. எஞ்சிய அனைத்தும் இறந்தோர் அமைத்த அடித்தளம். இருப்போரைத் தாங்கிநிற்போர் இறந்தோரே.

இக்கட்டட வேலையிற் பவளத்திற்கு ஓர் உதவியாளனும் உண்டு. யூனிசே நார்வெஜிக்கா என்னும் நீண்ட கடற்புழு கிளைகளினிடையே மெல்லிய தோற்குழாய் ஒன்றை அமைத்துக்கொண்டு வாழ்கின்றது. அது பவளம் பற்றிய இரையைச் சிலபோது பறித்துக்கொள்வதுண்டு. அதற்கு வாடகைபோல, பகைவரை விரட்டியும் கிளைகளின்மேற் படியும் மாசினை அகற்றியும் உதவுகின்றது. பவளமோ அப்புழுவின் குழாயைச் சுற்றிச் சுண்ணம் பூசிவிடுகின்றது. அதனால் அடுத்தடுத்த கிளைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பெற்றுத் திட்டு வலிவுறுகின்றது. ஒன்றையொன்று அறியாத இரு சிற்றுயிர்களின் ஒப்பந்தம் இவ்வாறு நீடிக்கின்றது.

இங்ஙனம் எழுந்த திட்டுகளின் அளவும் வயதும் எண்ணத்தக்கன. நார்வேயின் நடுக்கரைக்கு அப்பால் 250 முதல் 300 மீட்டர் ஆழத்திலுள்ள சூலாத் திட்டு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையது. இடையிடையே 30 மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பது. அதன் அடிப்பவளத்தின் வயது 8,000 ஆண்டுகட்கு மேற்பட்டதெனக் கணித்துள்ளனர். கணக்கிட்டுப் பார்ப்பின், திட்டு உயர்ந்தது ஆண்டிற்கு நான்கு மில்லிமீட்டரளவே. எகிப்து நாட்டிற் பெரிய பிரமிடுக்கு முதற்கல் நாட்டப்படுவதற்கு மூவாயிரம் ஆண்டிற்கு முன்பே இவ்வேலை தொடங்கிவிட்டது. லொபோட்டன் தீவுகளருகே 2002-இற் கண்டறியப்பட்ட ரோஸ்ட் திட்டு 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில் 35 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டரளவு அகலமும் உடையது. அயர்லாந்தின் தென்மேற்கே சாலஞ்சர் மேடு எனப்படும் 155 மீட்டர் உயரமுள்ள குன்றினை 2005-இல் உச்சி முதல் அடிவரை துளைத்தெடுத்து ஆராய்ந்தனர். அக்குன்று முழுதும் பவளத்துண்டுகளும் வண்டலும் கலந்த கலவை. அதன் அடி ஏறக்குறைய 26 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளேக் பீடபூமியில் 500 கிலோமீட்டர் நீளமும் 110 கிலோமீட்டர் வரை அகலமும் உள்ள பரப்பிலே 83,000-க்கு மேற்பட்ட பவளமேடுகள் இருத்தல் 2024-இல் வெளியிடப்பட்டது. செவ்வாய், வெண்மதி ஆகியவற்றின் மேற்பரப்பினை வரைந்துமுடித்த காலத்திலும் நம் கடலடியில் இத்துணைப் பெரும்பொருள் மறைந்துகிடந்தது என்பது சிந்திக்கற்பாலது.

இத்திட்டு பவளத்திற்கு மட்டும் வீடன்று. வட அட்லாண்டிக் கடலின் கீழ்ப்பாகத்து லொபீலியாத் திட்டுகளில் 1,300-க்கு மேற்பட்ட உயிரினங்கள் வாழ்தலை எண்ணியறிந்துள்ளனர். கடற்பஞ்சு, நண்டு, இறால், சிப்பி, நட்சத்திரமீன், கடல்விசிறி முதலியன கிளைதோறும் இடுக்குதோறும் குடியிருக்கின்றன. இவற்றுட் பல, உயிருள்ள பவளத்தைவிட இறந்த பவளத்தின் பிளவுகளையே உறைவிடமாகக் கொள்கின்றன என்பது கருதத்தக்கது. செம்மீன் வகைகளும் நெடுமீன் வகைகளும் திட்டுகளைச் சூழ மிகுதியாய்த் திரள்கின்றன. நார்வேயில் நீள்தூண்டிற் கயிறுகளை விட்டுச் சோதித்தபோது, திட்டுள்ள இடத்திற் கிட்டிய மீன் திட்டில்லாத இடத்தினும் மிகுதியாகவும் பெரிதாகவும் இருந்தது. மிங்குலேத் திட்டில் கருவாய்ச் சுறா என்னும் சிறு சுறா தன் முட்டைப்பைகளைப் பவளக்கிளைகளின்மேல் இட்டுச்செல்லுதலைக் கண்டனர். நிழலற்ற சேற்றுவெளியில் ஒரு மரச்சோலை எத்தகையதோ, ஆழ்கடலில் இத்திட்டும் அத்தகையதே.

இனி இடரினைக் கூறுவாம். மீனவர் திட்டருகே தூண்டில் இட்ட காலமெல்லாம் திட்டிற்குப் பெருந்தீங்கு நேரவில்லை. கிளைகளிற் சிக்கி வலை கிழியுமென்று அஞ்சி வலைஞர் அவ்விடங்களை விலகியே சென்றனர். 1980-களின் பின் நிலைமை மாறிற்று. பெரும்பொறிகள் பூட்டிய இழுவைக் கப்பல்கள், கனத்த இரும்புக் கதவுப் பலகைகளும் கரடுமுரடான நிலத்திலும் உருண்டேறும் பெரிய உருளைகளும் கட்டிய இழுவை வலைகளைக் கடலடியில் இழுத்துச்செல்லத் தொடங்கின. அவ்வலை செல்லும் வழியிற் பவளம் நொறுங்குகின்றது. அயர்லாந்தின் மேற்கே 840 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை ஆழமுள்ள இடங்களில் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இழுவைத் தழும்புகளைப் படமெடுத்தனர். வலையில் வந்த பவளத்துண்டுகள் சுமார் 4,500 ஆண்டு வயதுடையனவாயிருந்தன. நார்வேயில் தூண்டில் மீனவரே தம் பழைய மீன்பிடியிடங்கள் பாழாயின என முறையிட, அரசினர் ஆராய்ச்சியாளர் சென்று பார்த்தனர். அந்நாட்டுப் பவளப்பரப்பில் நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு வரை ஊறுபட்டிருக்கலாமென 2002-இல் அவர்கள் வெளியிட்டனர். ஒரு பொருளின் இருப்பை உலகம் அறியுமுன்னரே அதிற் பாதியளவு கெட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

முறிந்தாலும் மறுபடி முளையாதோ என்று படிப்போர் வினவலாம். இவ்வினாவிற்கு வலுவூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. வடகடலில் 1976-இல் நிறுத்தப்பட்ட பிரெண்ட் ஸ்பார் என்னும் எண்ணெய் தேக்கும் பெருமிதவையை அகற்றியபின் ஆராய்ந்தபோது, அதன்மேல் லொபீலியாக் கொத்துகள் நன்கு வளர்ந்திருந்தன. கால் நூற்றாண்டிற்குள் இரும்பின்மேல் வளரும் உயிரை எளிதிற் கெடுவதென யாங்ஙனம் கூறுவது? விடை யாதெனின், ஒரு கொத்து வேறு, ஒரு திட்டு வேறு என்பதே. ஒரு கொத்துக்கு இருபதாண்டு போதும். திட்டுக்கோ பல்லாயிரம் ஆண்டு வேண்டும். ஆயிரத்து முந்நூறு இனங்கட்கு இடந்தருவது கொத்தன்று, கொத்துகள் மடிந்து மடிந்து அடுக்கிய அடித்தளமே. இழுவை வலை உயிருள்ள மேற்பகுதியை அறுப்பதோடு நில்லாது, அடித்தளத்தையும் பெயர்த்துக் கலைத்து வண்டலாக்குகின்றது. கதிரை அரிந்தால் மறுபோகம் உண்டு. வயலையே வாரிச் சென்றால் விதைப்பது எங்கே?

இதற்குக் கண்கூடான சான்று ஸ்காட்லாந்தின் வடமேற்கே 1,000 மீட்டர் ஆழத்திலுள்ள டார்வின் மேடுகள். சார்லஸ் டார்வின் என்ற ஆராய்ச்சிக் கப்பலின் பெயரைத் தாங்கிய இம்மேடுகள் 1998-இற் கண்டறியப்பட்டன. கண்டறிந்த இரண்டொரு ஆண்டிலேயே அங்கும் இழுவைத் தழும்புகள் காணப்பட்டன. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்விடத்தே அடிக்கடல் இழுவையைத் தடுத்து, மறு ஆண்டில் அத்தடையை நிலையாக்கிற்று. 2011-இல் ஆராய்ச்சியாளர் மீண்டும் சென்று பார்த்தனர். முன்பு ஊறுபடாத மேற்குப்பகுதியிற் பவளம் நலமாகவே இருந்தது. வலையால் நொறுங்கிய கிழக்குப்பகுதியிலோ, எட்டாண்டுகள் அமைதியாயிருந்தும், பவளம் புதிதாய்க் குடியேறிய அடையாளம் காணப்படவில்லை. காப்பது பயன்தரும், கெடுத்தபின் காப்பது பயன்தருவதற்கு நம் வாழ்நாள் போதாது. இவ்விரு பாடங்களையும் அம்மேடுகள் ஒருங்கே புகட்டுகின்றன.

மற்றோர் இடர் வலையின் வடிவில் வருவதன்று. காற்றின் வழியே வருவது. நாம் எரிக்கும் நிலக்கரியினின்றும் எண்ணெயினின்றும் எழும் கரியமிலவாயுவில் ஏறத்தாழக் காற்பங்கைக் கடல் உட்கொள்கின்றது. அவ்வாயு நீரோடு சேர்ந்து மென்மையான அமிலமாகி, பவளம் வீடுகட்டப் பயன்படுத்தும் சுண்ணச் சரக்கின் அளவைக் குறைக்கின்றது. இயல்பாகவே ஆழ்ந்து குளிர்ந்த நீரிற் சுண்ணம் எளிதிற் கரையும். ஒரு குறித்த ஆழத்திற்குக் கீழே பவளச்சுண்ணம் நில்லாது கரைந்துவிடும். அவ்வாழவெல்லை இப்பொழுது மேல்நோக்கி ஏறிவருகின்றது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அறியப்பட்ட ஆழ்கடற் பவள இடங்களில் நூற்றுக்கு 70 பங்கு அவ்வெல்லைக்குக் கீழே அகப்பட்டுவிடக்கூடுமென 2006-இல் ஆராய்ச்சியாளர் கணித்தனர். உயிருள்ள பவளம் தன் கிண்ணத்தைத் தசையால் மூடிக்கொண்டு ஓரளவு தாங்கிநிற்க வல்லது. மூடுவாரற்ற இறந்த கிளைகளோ நீருக்கு நேரே வெளிப்பட்டு, உட்புழையுற்று, நொய்ந்து முறிவன. மேல்மாடத்திற் குடியிருப்போர் நலமாயிருக்கக் கீழ்மாடத்துச் சுவர் உளுத்துப்போதலை ஒக்கும் இது. வலை போன்றே அமிலமும் முதலிற் கெடுப்பது அடித்தளத்தையே என்பதை நோக்குக.

இவ்விடர்களை நோக்கி உலகம் வாளா இருந்ததென்று கூறுதல் முறையன்று. நார்வே அரசினர் 1999-இல் பவளத்திட்டுகளை வேண்டுமென்றே கெடுத்தலைச் சட்டத்தால் தடுத்துச் சூலாத் திட்டினை இழுவைக்கு மூடினர். டௌட்ராவையும் ரோஸ்டையும் பின்னர் அவ்வாறே காத்தனர். 2006-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, எந்நாட்டிற்கும் உரியதல்லாத பெருங்கடலிலும் ஆழ்கடல் மீன்பிடிப்போர் இத்தகைய இடங்களைக் காத்தல் வேண்டுமெனத் தீர்மானித்தது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கடலில் 800 மீட்டருக்குக் கீழே அடிக்கடல் இழுவையை முற்றும் தடுத்தது. வலையைச் சட்டம் தடுக்கக்கூடும். கரியமிலவாயுவைத் தடுத்தலோ ஒரு நாட்டின் சட்டத்தால் முடிவதன்று; அது விளக்கேற்றுவோர், ஆலையோட்டுவோர், வண்டியூர்வோர் அனைவரின் கையிலும் உள்ளது.

ஆழ்கடல் நமக்குத் தொலைவு. ஆங்குள்ள பவளத்தை நம்மிற் பெரும்பாலோர் கண்ணாற் காணப்போவதுமில்லை. காணாத பொருளுக்கு நாம் ஏன் கவலவேண்டும் எனச் சிலர் கூறலாம். போர்ப்ஸ் காலத்தார் காணாததனால் இல்லையென்றனர். அப்பிழையை ஒரு தந்திக்கம்பி திருத்திற்று. காணாததனால் வேண்டாவென்று நாம் கூறுவோமாயின், அப்பிழையைத் திருத்தப் பின் எக்கம்பியும் மேலேறி வாராது. அழிந்த காட்டிற்கு மரம் நடலாம்; வறண்ட ஏரிக்கு நீர் பாய்ச்சலாம். எட்டாயிரம் ஆண்டுகளாக மேலிருந்து சிந்திய துணுக்குகளை உண்டு, ஒரு தலைமுறையின்மேல் மற்றொரு தலைமுறை நின்று, இருளில் எழுப்பிய திட்டினுக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்றே: அதனைக் கலையாது விட்டுவைத்தல். செய்தற்கரிய செயல் பல உள்ள உலகில், செய்யாமையே செயலாக அமைந்த கடமை இது.